ஆகாயத்தாமரைக்கு அடியில் இருந்தது

என் கணவர் லாரி டியூபை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கரையில் நின்று சிரித்தேன். எங்கள் ஏரி பெரியது. இந்தக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கரைப் பனைமரங்கள் விரல் உயரத்துக்குத்தான் தெரியும். அது முழுக்க ஆகாயத்தாமரை. அடியில் தண்ணீர் இருப்பதே தெரியாது. அதற்கு முந்தின மாதம்தான் ஓர் ஆட்டுக்குட்டி அதைப் பச்சைத் தரை என்று நினைத்து ஓடி, உள்ளே முழுகிப் போயிருந்தது. அவ்வளவு பச்சைக்கு நடுவில் மூங்கில் கழியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு ஆள் நின்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்.

அவருக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். நெல் போடுவார். அந்த வருஷம் ஏரி நிரம்பியிருந்தும் மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. செடியின் வேர்கள் மதகுக் கண்ணில் சடைசடையாகப் போய் அடைத்துக்கொண்டிருந்தன. ஆபீஸ் ஆபீஸாகப் போய் மனு கொடுத்தார். மெஷின் வரும் என்றார்கள். வரவும் வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வருகிற நாளில் ஒரு ஜேசிபி ரோட்டோரமாக அள்ளி அள்ளிக் கரையிலேயே குவித்தது. போட்டோ எடுத்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். அடுத்த மழையில் அந்தக் குவியல் அப்படியே சரிந்து மறுபடி ஏரிக்குள் போனது. ஆகாயத்தாமரைக்கு அது போதும். ஒரு துண்டு ஈரத்தில் கிடந்தால் அதிலிருந்தே மறுபடி கிளம்பிவிடும்.

"இவங்கள நம்பினா பேஜாருதான்" என்று சொல்லிவிட்டு அவர் டியூபுக்குக் காற்றடிக்கப் போனார்.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசர். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற லைன். வாரம் முழுக்கக் கம்பெனி பஸ், மெஷின் சத்தம், டார்கெட். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்குத் துணி துவைக்கவும் தூங்கவும் கிடைக்கிற நாள். அதையும் இந்த மனிதர் ஏரியில் கொண்டுபோய்ப் போடுகிறாரே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அன்று மத்தியானத்துக்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் தனியாக இழுத்து இழுத்து மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அதற்கடுத்த வாரம் அவருடைய அண்ணன் வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியது. கொல்லை பொது. துணி காயப்போடுகிற கம்பியும் பொது. மாமா தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் மேஸ்திரி. தோல் ஊறுகிற இடத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். நான் கல்யாணமாகி வந்த புதிதில் டைபாய்டு வந்து விழுந்தபோது, ஆட்டோ கிடைக்காமல், சைக்கிள் கேரியரில் என்னை உட்கார வைத்து ஆம்பூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனவர் அவர்தான். என் கணவர் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமாவின் ஒரே மகள் பாதி நேரம் எங்கள் பக்கத்தில்தான் வளர்ந்தாள். என் கையால் தலை பின்னிக்கொண்டால்தான் பள்ளிக்கூடம் போவாள். அப்போது அவள் காலேஜில் கடைசி வருஷம்.

"தண்ணியில நின்னு வேலை செய்றத பத்தி உனக்கு இன்னாடா தெரியும்?" என்று தம்பியைக் கேலி செய்துகொண்டே மாமா இறங்கினார். சேற்று நாற்றமோ வழுக்கலோ அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

போகப் போக வேலை பிடிபட்டது. செடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் போனால் ஆயுசு போய்விடும். ஒரு பாய் அளவுக்கு வேரோடு அறுத்து, கயிற்றைச் சுற்றிக் கட்டி, கரையிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமாக மொத்தப் பச்சையும் ஒதுங்கும். அது ஒதுங்குகிற கரையில் நின்று எடுத்தால் வேலை கம்மி. எடுத்த இடத்தில் மறுபடி வந்து மூடாமல் இருக்க, மூங்கில்களை முனைக்கு முனை கட்டித் தண்ணீரில் வேலி மாதிரி மிதக்க விட்டோம். இழுத்துப் போட்டதைக் கரையில் வைக்காமல் டிராக்டரில் ஏற்றித் தூரத்துப் பாறைத் திட்டில் கொட்டிக் காயவிட்டோம்.

ஆட்கள் சேர்ந்தார்கள். கீழே நிலம் உள்ளவர்கள், என் லைனில் தைக்கிற பெண்கள், டேனரியில் மாமாவுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். இழுத்த பாயோடு தண்ணிப்பாம்பு வரும். பெண்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடுவார்கள். மறுநாள் தையல் மெஷினில் உட்கார்ந்து எல்லோரும் முழங்கையைச் சொறிந்துகொண்டிருப்போம். மாமாவின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பெரிய குண்டானில் எலுமிச்சம்பழச் சோறு கிளறிக்கொண்டு வருவாள். அவர்கள் பெண் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுப்பாள். ஏரியின் பெயரிலேயே நெட்டில் ஒரு பக்கம் ஆரம்பித்து அதில் போட்டாள். ஒவ்வொரு வீடியோவிலும் என் கணவர் முகம்தான் பெரிதாக இருக்கும். அதனால் அந்தப் பக்கத்தை அவர்தான் நடத்துகிறார் என்று ஊரே நினைத்தது. யாரும் அப்படி இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

பொங்கலுக்குள் பாதி ஏரி தண்ணீராகத் தெரிந்தது. மதகு திறந்துகொண்டது. நீர்க்காகங்கள் வந்து மூங்கில் வேலியில் வரிசையாக உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய்ந்தன. மாமா கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் மீன் விட்டுடலாம்டா" என்றார். அவர் அதைச் சொன்னபோது நிஜமாகவே நினைத்துதான் சொன்னாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதே சமயத்தில் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் காய்ந்த செடியை எருவாகக் கத்தரிக்குப் போட்டார். இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் இந்தச் செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம் என்று யாரோ சொன்னார்கள். "வெயில் ஜாஸ்தி. அதான் கருகுது" என்றார் மாமா. நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

மிச்சம் இருந்தது வடக்குப் பக்கம். அந்த மூலையில் செடி ஆள் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. மற்ற இடத்தைவிடக் கரும்பச்சை. அந்த மூலையைப் பற்றிப் பேச்சு வந்ததிலிருந்து மாமா சரியாக இல்லை.

"அந்த மூலை வேணாம்டா. அங்க சேறு ஜாஸ்தி. கால் உள்ள போச்சுன்னா வராது."

"டியூப் இருக்குதேண்ணா."

"சொன்னா கேளு. பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சு. அந்த எடத்த விட்டுடு."

"அத விட்டா அங்கேர்ந்து மறுபடி எல்லாம் வந்துடும்ண்ணா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வரவில்லை. அவருடைய டேனரி ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. நாங்கள் கொஞ்சம் பேர்தான் வடக்கு மூலைக்குப் போனோம். பெண்ணும் போனைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். நாலாவது பாயோ ஐந்தாவது பாயோ அறுத்து இழுத்தபோது, கரை மண்ணிலிருந்து துருத்திக்கொண்டு ஒரு சிமென்ட் பைப் வாய் தெரிந்தது. அதிலிருந்து நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தண்ணீர் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. மேலே நுரை. நுரையில் ரோமம். என் கணவர் அப்படியே டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அந்த நாற்றம் தெரியும். எத்தனையோ வருஷமாகக் கொல்லையில் மாமாவின் சட்டையும் லுங்கியும் என் துணிகளுக்குப் பக்கத்தில் அதே கம்பியில்தான் காய்ந்தன.

மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாமா கொல்லைக்கு வந்தார். என் கணவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டியா?" என்றார் மாமா.

"உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

"பைப் போட பள்ளம் தோண்டுறப்ப நான்தான் நின்னேன். கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற எடத்துக்கு இவ்ளோதான் அனுப்பலாம்னு கணக்கு இருக்குது. மிஞ்சுறத இன்னா பண்றது? மொதலாளி சொன்னாரு. செஞ்சேன்."

"நம்ம ஏரிண்ணா."

"நம்ம சோறும் அதுலேர்ந்துதாண்டா வருது. இந்தத் தெருவுல எத்தினி வீட்ல அடுப்பு எரியுது அதால. உன் பொண்டாட்டி தெச்சு அனுப்புறாளே ஷூ. அந்தத் தோலு எங்க ஊறுதுன்னு நினைச்ச?"

நான் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் கம்பெனிக்கு அங்கிருந்து தோல் வருவதில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வருகிறதா இல்லையா என்று எனக்கு உண்மையில் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

மாமாவின் குரல் இறங்கியது. "செடி மூடட்டும்டா. மறுபடி மூடட்டும். யாருக்கும் நஷ்டமில்ல."

என் கணவர் ரொம்ப நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க மொதலாளிகிட்ட நான் வந்து பேசறேண்ணா. விஷயத்த வெளிய விட வேணாம். பைப்ப அடைச்சிட்டாப் போதும். யாரையும் நான் காட்டிக் குடுக்க மாட்டேன்" என்றார்.

மாமாவும் அதற்குத் தலையாட்டினார். இரண்டு பேரும் அந்த வார முடிவில் முதலாளி வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தது.

அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே வீடியோ வெளியே போய்விட்டிருந்தது. முந்தின நாளே பெண் அதைப் போட்டிருந்தாள். யாரையும் கேட்கவில்லை. பைப், நுரை, தண்ணீரின் நிறம், எல்லாம் தெளிவாக இருந்தது. அது எந்த டேனரியிலிருந்து வருகிற பைப் என்று தெரியாமல் போட்டாளா, தெரிந்தே போட்டாளா? நான் கேட்டபோது, "ஏரிக்கு நல்லதுன்னு நினைச்சேன் சித்தி" என்று மட்டும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டே நாளில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். டேனரி வாசலில் சீல் வைத்தார்கள். தெரு முழுக்க ஆண்கள் வேலையில்லாமல் பகலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு முதலாளி பக்கத்திலிருந்து ஒரு பதில் போனது. பைப் போட்டது எங்களுக்குத் தெரியாது, மேஸ்திரி எங்களைக் கேட்காமல் தானாகச் செய்த வேலை அது என்று. மாமாவை ஸ்டேஷனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பைப் வாயில் சிமென்ட் பூசினார்கள். சீலை எடுத்தார்கள். எல்லோரும் மறுபடி வேலைக்குப் போனார்கள், மாமாவைத் தவிர. இளவயசில் அந்த டேனரிக்குள் வேலைக்குப் போனவர். அவர் சாப்பாட்டு டப்பாவைக்கூட வாசலில் வாட்ச்மேன்தான் எடுத்துவந்து கொடுத்தாராம்.

ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று சாயங்காலம் மாமா நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. பின்னாலேயே அக்காவும், அவள் முதுகுக்குப் பின்னால் பெண்ணும்.

"யாரு போட்டது அத?"

மாமாவுக்குக் கோபம் வந்தால் கை என்ன செய்யும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் காதுக்குப் பக்கத்தில் இருக்கிற தழும்பைத் தெருவே பார்த்திருக்கிறது. நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தாண்ணா" என்றார் என் கணவர்.

மாமா அடிக்கவில்லை. திட்டவில்லை. "வாரக் கடைசியில பேசலாம்னு சொல்லிட்டு, முதுகுக்குப் பின்னாடி இத பண்ணியா" என்று மெதுவாகக் கேட்டார். மாமா திரும்பிப் போனார். மறுநாளே ஆள் வைத்துக் கொல்லைக்கு நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்ப ஆரம்பித்தார். துணிக்கம்பியை யாரோ நடுவில் வெட்டி, எங்கள் பக்கத்துப் பாதியைச் சுருட்டி வாசலில் வைத்திருந்தார்கள்.

'நான்தாண்ணா' என்று என் கணவர் சொன்ன அந்தப் பதில் ஊருக்கும் போதுமானதாக இருந்தது. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. என் லைனில் தைக்கிற ஒருத்தி, அவள் புருஷனுக்கும் அந்த டேனரிதான், "உங்க வீட்டுக்காரருக்குப் பேர் வேணும்னா நாங்கதான் கெடச்சமா மேடம்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொல்லலாம்தான். வாய் வரைக்கும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு யாரும் வரவில்லை. அவர் மட்டும் போனார், நான் பின்னால் போனேன். கரையில் வைத்திருந்த டியூப்களை யாரோ கிழித்திருந்தார்கள். மூங்கில் வேலியின் கயிறுகளை அறுத்திருந்தார்கள். வடக்கு மூலையிலிருந்த பச்சை காற்றில் கிளம்பி நடு ஏரிக்கு வந்து நின்றது. அது நகர்ந்து வருவது கண்ணுக்குத் தெரிகிற வேகம்தான். அவர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க போலாம்" என்று நான் இரண்டு முறை கூப்பிட்ட பிறகு எழுந்து வந்தார்.

பெண் பரீட்சை எழுதி முடித்த கையோடு கல்யாணம் நிச்சயமானது. ஒடுகத்தூர் பக்கத்து மாப்பிள்ளை. பத்திரிகை எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்தது. எங்கள் வாசலைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சுவருக்கு அந்தப் பக்கம் பலகாரம் சுடுகிற வாசனையும், உறவுக்காரர்கள் சிரிக்கிற சத்தமும். அவளுக்குச் சடங்கு செய்தபோது நாங்கள்தான் சித்தப்பா வீட்டு வரிசை எடுத்துக்கொண்டு போனோம். இப்போது சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கல்யாணத்தன்று காலையில் அவர் சவரம் செய்துகொண்டு, வெளுத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிஷத்தில் யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார் போல. பெண்ணை ஏற்றிக்கொண்டு கார் எங்கள் வாசலைக் கடந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. அவள் முன்னால் இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டு போனாள். அவர் மத்தியானம் வரைக்கும் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பவாவது போய்ச் சொல்லுங்க. அவதான் கல்யாணம் ஆயி போய்ட்டாளே. இனி அவர் கை அவ மேல எப்படிப் படும்?"

"சின்னப் பொண்ணு."

"கல்யாணம் பண்ற வயசுப் பொண்ணு சின்னப் பொண்ணா? உங்களப் பாத்து ஒரு வார்த்த, மன்னிச்சிக்கோ சித்தப்பான்னு ஒரு வார்த்த சொன்னாளா?"

"சொல்லணும்னா செஞ்சேன்?"

அவருக்கு அது போதும் போலிருக்கிறது. எனக்குப் போதவில்லை. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. என் கையால் வளர்ந்தவள் என்பதால்தான் எனக்கு அவள்மேல் இவ்வளவு கசப்பு. அடுத்த வீட்டுப் பெண்ணாக இருந்தால் மறந்திருப்பேன்.

மதகு மறுபடி அடைத்துக்கொண்டது. இரண்டு போகம் தரிசாகக் கிடந்த பிறகு அவர் மாடுகளைக் கொடுத்துவிட்டு, ஹைவே ஓரத்தில் ஒரு குடோனில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். அந்தத் தொப்பி அவர் தலைக்குப் பெரிது. மாமா வாணியம்பாடியில் யாரோ ஒருவரின் தோல் மண்டியில் கூலிக்குப் போவதாகக் கேள்வி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது காலையில் கேட்கும். ஏரியில் பூ பூத்திருக்கிறது. கல்யாண ஜோடிகள் வந்து அந்த ஊதாப் பூவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் பெண்ணிடமிருந்து எனக்கு போன் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவை. புது நம்பர். முழுகாமல் இருக்கிறாளாம். வளைகாப்புக்கு அம்மா வீட்டுக்கு வரப்போகிறாளாம். சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லா இருக்கிறார் என்றேன்.

"சித்தி, அப்பாகிட்ட யாரும் எதுவும் சொல்லலையே?"

"இல்ல."

"நான் வர்ற நேரத்துல... தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க சித்தி."

"சொல்ல மாட்டோம்."

"சரி சித்தி. வெச்சிடவா?"

வைத்துவிட்டாள். அவர் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டிலிருந்து நிமிர்ந்து, "யாரு?" என்று கேட்டார்.

"கம்பெனியிலேர்ந்து. நாளைக்கு பஸ் சீக்கிரம் வருதாம்" என்று சொல்லிவிட்டு அவருக்கு ரசம் ஊற்றினேன்.